திம்பம் ஏறி, கோத்தகிரி இறங்கி: மலைப்பாதையில் முதல் முறை கார் ஓட்டுகிறவர்களுக்கு

சமவெளியில் வருடக்கணக்காக ஓட்டியவர்கள்கூட மலைக்குப் போகலாம் என்றதும் முதலில் கேட்பது, "நம்ம வண்டி ஏறிடுமா?" என்பதுதான். ஏறிவிடும். நல்ல நிலையில் இருக்கிற எந்தச் சின்ன காரும் நாலு பேரையும் அவர்கள் பைகளையும் சுமந்துகொண்டு ஊட்டி போய்ச் சேரும். எப்படி இறங்கப் போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஏறும்போது தப்பு செய்தால் வண்டி திணறும், நின்றுபோகும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். இறங்கும்போது செய்கிற தப்பு அவ்வளவு லேசில் முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் இறக்கத்துக்குத்தான் இடம் அதிகம்.

பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட நிஜமான ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். சத்தியமங்கலத்தில் தொடங்கி பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாமராஜநகர் வழியாக மைசூரு. திரும்பும்போது குண்டல்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, கூடலூர் வழியாக ஊட்டி. அங்கிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு பக்கம் கடந்து போய், இன்னொரு பக்கமாகத் திரும்பி வருகிற பயணம். கொண்டை ஊசி வளைவு, லாரி நெரிசல், யானைக்காடு, மூடுபனி, நீளமான இறக்கம் எல்லாம் இந்த ஒரே சுற்றில் வந்துவிடும். மூன்று நாள் கையில் இருந்தால் அவசரமில்லாமல் போய்வரலாம்.

இதுவரை மலைப்பக்கமே வண்டியைத் திருப்பியதில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நாள் சேலத்திலிருந்து ஏற்காடு போய்வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள், அதிகக் கூட்டமில்லாத வார நாள், காலை நேரம். பழகுவதற்கு அது போதும். 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலையை முதல் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

கிளம்பும் முன்

மெக்கானிக்கிடம் போனால் "ஒரு தடவை செக் பண்ணிடுங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. இப்போது பெரும்பாலான கார்களில் ஊற்றுகிற டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரைகூட இறங்கலாம். ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது பழைய ஆயில் உள்ளுக்குள்ளேயே கொதித்து ஆவிக்குமிழி கட்டும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு மேலான ஆயில் என்றால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். செலவு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும்.

டயருக்குக் கம்பெனி சொன்ன அளவு காற்று. மலைக்கென்று குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கூலன்ட், வைப்பர், முன் கண்ணாடியில் ஆவி படிந்தால் அகற்றுகிற டீஃபாகர், எல்லா லைட்டும் சரியா என்று ஒரு பார்வை. டிக்கியில் செங்கல் அளவுக்கு இரண்டு கட்டைகள் போட்டுக்கொள்ளுங்கள், மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க உதவும். கேரியரில் பெட்டிகளை அடுக்காமல் இருந்தால் நல்லது. பாரம் மேலே போகப் போக வளைவில் வண்டி அதிகம் சாயும்.

அப்புறம் அனுமதி விவகாரம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக, 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த ஏற்பாடு இது. நாளொன்றுக்கு எத்தனை வண்டி என்ற உச்சவரம்பும் பிறகு வந்ததால், சீசனில் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைக்காமல் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கர்நாடகப் பக்கமிருந்து வருகிறவர்களைக் கக்கநல்லா சோதனைச் சாவடியில் கேட்பார்கள். நீலகிரிக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். திம்பம் பாதையில் இரவு நேரப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பந்திப்பூர்–முதுமலைச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். இரண்டையுமே பகலில் கடந்துவிடுவது போலத் திட்டம் போடுங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் புதிதாக ஓட்டுகிறவர் மலையில் இரவில் ஓட்ட வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

திம்பம்: ஏறக் கற்றுக்கொள்ளும் இடம்

சத்தியமங்கலத்தில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் கொஞ்ச நேரத்தில் பண்ணாரி அம்மன் கோயில் வந்துவிடும். பெரும்பாலான டிரைவர்கள் அங்கே இறங்கி ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் மலையைத் தொடுவார்கள். நீங்களும் இறங்குங்கள். சாமி கும்பிடுகிறீர்களோ இல்லையோ, ஓட்டுகிறவருக்கு ஐந்து நிமிட ஓய்வு கிடைக்கும். காலை 6 மணிக்கு வழி திறந்ததும் இரவெல்லாம் காத்துக்கிடந்த லாரிகள் வரிசையாக ஏறத் தொடங்கும். அந்த வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் பொறுத்து ஏறுவது உத்தமம்.

அடிவாரத்திலிருந்து உச்சி வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று பலகை இருக்கும். ஏற்றத்தில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, கியர் மாற்றும் வேலையை வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்பது. வளைவுக்குள் போனபிறகு வண்டி இழுக்கவில்லையே என்று கிளட்சை மிதித்தால், அந்த ஒரு நொடியில் வேகம் முழுக்கச் செத்துவிடும். வண்டி பின்னால் உருளும், பின்னால் லாரி நிற்கும், கை நடுங்கும். பலகை கண்ணில் பட்டதுமே இரண்டாவது கியர். வளைவு ரொம்ப இறுக்கமாக இருந்தாலோ முன்னால் வண்டி ஊர்ந்து போனாலோ முதல் கியர். ஆக்சிலேட்டரில் கால் ஒரே சீராக இருக்கட்டும். இன்ஜின் கொஞ்சம் சத்தம் போடும், போட்டுவிட்டுப் போகட்டும். உயர்ந்த கியரில் முக்கி முனகிக்கொண்டு ஏறுவதைவிடத் தாழ்ந்த கியரில் இரைந்துகொண்டு ஏறுவது இன்ஜினுக்கு நல்லது.

கொண்டை ஊசி வளைவில் இடது பக்கம் திரும்புவதும் வலது பக்கம் திரும்புவதும் ஒன்றல்ல. நாம் இடது பக்கமாகப் போகிறவர்கள். அதனால் வலது பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம் கிடைக்கும். அகலமாக, ஏற்றம் குறைவாக இருக்கும். அங்கே வருகிற ஆசை, உள்பக்கம் வெட்டிப் போய்விடலாம் என்பது. வெட்டினால் எதிரே இறங்கிவருகிறவரின் மூஞ்சியில் போய் நிற்பீர்கள். இடது பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு உள்வட்டம். இறுக்கமானது, செங்குத்தானது, வண்டி திணறுவது இங்கேதான். ஸ்டீயரிங்கைச் சீக்கிரமே ஒடித்துவிட்டால் பின்சக்கரம் உள்பக்க ஓரத்தில் இறங்கும், முன்பக்கம் எதிர்த்தடத்துக்குப் பாயும். நடுக்கோட்டை ஒட்டி, அதைத் தாண்டாமல், மெதுவாக நுழைந்து, வளைவின் பாதி தெரியும் வரை பொறுத்துத் திருப்புங்கள். நாலைந்து வளைவு போனதும் கைக்குப் பிடிபட்டுவிடும்.

வளைவை நெருங்கும்போது ஒரு ஹாரன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், பாட்டை நிறுத்திவிடுங்கள். மேலே எங்கோ ஒரு லாரி அடிக்கிற ஹாரனும் இன்ஜின் இரைச்சலும் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணுக்கு முன்னாலேயே காதுக்குச் சொல்லிவிடும். திம்பத்தில் இன்னொரு வசதி, பல இடங்களில் தலையைத் தூக்கினால் அடுத்த அடுக்குச் சாலை தெரியும். அங்கே பஸ்ஸோ லாரியோ இறங்கிக்கொண்டிருந்தால் வளைவுக்கு இரண்டு மூன்று கார் நீளத்துக்கு முன்னாலேயே நின்றுகொள்ளுங்கள். நீளமான வண்டிகளுக்குக் கொண்டை ஊசி வளைவில் மொத்தச் சாலையும் தேவைப்படும். அவர் அடாவடி செய்வதாக நினைக்க வேண்டாம், அவருக்கு வேறு வழியில்லை. வளைவு வரை போய் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றால் அவரும் திரும்ப முடியாது, நீங்களும் பின்னால் போக முடியாது. இந்தப் பாதையில் மணிக்கணக்கில் நெரிசல் ஏற்படுவது பல நேரம் இப்படித்தான்.

குறுகலான இடத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால், ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலேயே இருப்பதுதான் இது. ஏற்றத்தில் நின்ற பாரவண்டியை மறுபடி நகர்த்துவது சிரமம் என்பது காரணம். ஆனால் எதிரே நிற்பவருக்கு விதி தெரியும் என்று நம்பிக்கொண்டு பிடிவாதம் பிடிக்காதீர்கள். யாருக்குப் பக்கத்தில் அகலமான இடம் இருக்கிறதோ அவர் ஒதுங்குவதுதான் நடைமுறை. அதற்கு ரிவர்ஸ் நன்றாக வர வேண்டும். போகிறதற்கு ஒரு வாரம் முன்னால் ஊரில் ஏதாவது மேம்பாலத்து சர்வீஸ் சாலையிலோ ஏற்றமான தெருவிலோ ரிவர்ஸ் எடுத்துப் பழகுங்கள்.

ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்ப ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்குவது தெரிந்ததும் ஆக்சிலேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுவது. நெரிசலில் நிற்கும்போது பாதிக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பழக்கம் பலருக்கு உண்டு. பத்து நிமிடம் அப்படி நின்றால் கருகல் வாடை வரும். அது உங்கள் கிளட்ச் பிளேட். முன்னால் நிற்கிற லாரியோடு ஒட்டிக்கொண்டும் நிற்காதீர்கள். கிளம்பும்போது அது ஓரடி, ஈரடி பின்னால் வரும்.

லாரியை முந்துவது பற்றி: டிரைவர் கையை வெளியே நீட்டி "போ" என்று சைகை காட்டுவார். அது அவருக்குத் தெரிகிற சாலையை வைத்துச் சொல்வது. உங்கள் கண்ணுக்கு எதிர்ப்பாதை நேராக, காலியாகத் தெரிந்தால் மட்டும் போங்கள். தெரியவில்லையா, அவர் பின்னாலேயே பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் ஒன்றும் குடிமுழுகாது.

காட்டுக்குள்

திம்பம் ஏறி முடித்ததும் சாலை சமமாகி, ஆசனூர் பக்கம் காட்டுக்குள் நுழையும். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் இது. இங்கே கரும்பு லாரிக்காகக் காத்து நிற்கிற யானைகள் உண்டு. சாமராஜநகர், தாளவாடிப் பக்கமிருந்து சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வருகிற லாரிகளைச் சாலையிலேயே மறித்து, தும்பிக்கையால் கட்டு உருவித் தின்னப் பழகிவிட்டன. லாரிக்காரர்கள் கரும்பை வீசிவிட்டுப் போனதால் வந்த வினை. கரும்பு போடக் கூடாது என்று வனத்துறை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது.

யானை சாலையில் நின்றால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நல்ல தூரத்தில் நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும். ஹாரன் வேண்டாம், லைட்டை அடித்து அடித்துக் காட்ட வேண்டாம், இறங்கவே வேண்டாம். பின்னால் வண்டி ஒட்டி வந்துவிடாமல், தேவைப்பட்டால் ரிவர்ஸில் போக இடம் இருக்கிற மாதிரி நில்லுங்கள். அது நகர்ந்து காட்டுக்குள் போனபிறகும் உடனே கிளம்ப வேண்டாம். கூட்டமாகப் போகும்போது குட்டியோடு வருகிற தாய் கடைசியில் வரலாம். பந்திப்பூர், முதுமலையிலும் இதேதான். அங்கே மான் கூட்டம் சட்டென்று குறுக்கே பாயும். ஒன்று கடந்தால் பின்னாலேயே இன்னும் நாலு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தடைகள் வரிசையாக இருப்பதால் வேகமாகப் போக நினைத்தாலும் முடியாது. குரங்குக்கு பிஸ்கட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் குரங்கு அடுத்த வண்டிக்கு முன்னால் வந்து உட்காருவது அந்த பிஸ்கட்டுக்காகத்தான்.

ஊட்டிக்கு எந்த வழி

முதுமலைக்குள் தெப்பக்காட்டில் சாலை பிரியும். நேராகப் போனால் கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டி. இடது பக்கம் திரும்பினால் மசினகுடி, கல்லட்டி வழி. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், தூரம் குறைவு, ஏற்றம் மிகக் கடுமை. வெளியூர் வண்டிகளை அந்த வழியில் ஊட்டியிலிருந்து இறங்க விடுவதில்லை. அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு வந்த தடை அது. ஏறிப் போகலாம். ஆனால் முதல் பயணத்தில் கூடலூர் வழியே போதும் என்பது என் கருத்து. தூரம் கூடுதல்தான். ஆனால் ஏற்றம் பிரித்துப் பிரித்து வரும், வண்டிக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

மூச்சு என்று சும்மா சொல்லவில்லை. மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் பத்து விழுக்காடு அளவில் இழுவையை இழக்கும். ஊட்டியில் நின்றுகொண்டு வண்டி மந்தமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். கடுமையான ஏற்றத்தில் மட்டும் ஏசியை நிறுத்திவிட்டால் போதும். அந்தக் குளிரில் ஏசி எதற்கு?

பின் இருக்கையில் இருப்பவர்களையும் கவனிக்க வேண்டும். தலைசுற்றலும் குமட்டலும் வருகிறவரை முன் இருக்கைக்கு மாற்றி, தூரத்தில் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனைப் பார்க்கிற பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறக் கூடாது, வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும். வாந்தி நிற்கப் போடும் மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். ஓட்டுகிறவர் அதைத் தொடவே கூடாது. காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும்.

இறக்கம்

ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். அதாவது ஆட்களோடு சேர்த்து 1300 கிலோ எடையுள்ள கார் ஏறக்குறைய 1900 மீட்டர் கீழே இறங்குகிறது. அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயரும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி எங்கேயாவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அத்தனை சூடும் நாலு சக்கரத்தில் இருக்கிற உள்ளங்கை அகலப் பேடுகளில்தான் இறங்கும். பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிமானம் போய்விடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், மிதித்தால் வண்டி மட்டும் நிற்காது. ஆயில் கொதித்தால் பெடல் உள்ளே போய்விடும் என்று முன்னாலேயே பார்த்தோம். இரண்டுமே ஒரே நாளில் நடக்கலாம்.

அந்தச் சூட்டை இன்ஜினிடம் தள்ளிவிடுவதுதான் வித்தை. தாழ்ந்த கியரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரம் இன்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அதுவே வண்டியைப் பிடித்து இழுக்கும். எந்த கியரில் ஒரு மேட்டை ஏற முடியுமோ அதே கியரில் அதை இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்கிற கணக்கு. இன்றைய காருக்கும் அது பொருந்துகிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பெரும்பாலும் இரண்டாவது கியர், கொஞ்சம் நேரான இடங்களில் மூன்றாவது. இறக்கம் தொடங்கும் முன்பே அந்த கியருக்கு வந்துவிடுங்கள். வேகம் பிடித்தபிறகு கியரைக் குறைப்பது கஷ்டம், வண்டியும் குலுங்கும்.

இன்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் இரைந்தால் பெட்ரோல் வீணாகிறது என்று நினைத்து நியூட்ரல் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறு. இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் தெளிப்பே நின்றுவிடும். நியூட்ரலில் ஓடினால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவது அதைவிட மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்கின் உதவிவிசை தீர்ந்துபோய்ப் பெடல் இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாது. சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

பிரேக்கை மிதிக்கவே கூடாதா? மிதிக்கலாம், எப்படி என்பதுதான் விஷயம். இறக்கம் முழுக்கப் பெடலில் காலை லேசாக வைத்துக்கொண்டே வருவதுதான் பிரேக்கைக் கொல்லும். வேகம் நீங்கள் வைத்திருக்கிற அளவைத் தாண்டினால் நன்றாக அழுத்தி, வேகத்தை வேண்டிய அளவுக்குக் கீழே கொண்டுவந்து, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். இடையில் பேட் காற்று வாங்கட்டும். வளைவுக்கும் அதேதான். பிரேக்கை நேரான சாலையில் முடித்துவிட்டு, காலை எடுத்தபிறகு திருப்புங்கள். ஈரச் சாலையில் திரும்பிக்கொண்டே அழுத்தினால் வழுக்கும்.

ஆட்டோமேட்டிக் கார்காரர்களுக்கு டி-யில் போட்டுவிட்டு இறங்குகிற பழக்கம் உண்டு. கியர் பெட்டி தானாகவே உயர்ந்த கியருக்குப் போய்விடும், வண்டி பறக்கும். உங்கள் வண்டியில் எல், 2, எஸ், அல்லது கூட்டல் கழித்தல் போட்ட மேனுவல் நிலை ஏதாவது ஒன்று இருக்கும். அது என்ன, எப்படிப் போடுவது என்று வீட்டு வாசலிலேயே பழகிவிட்டுப் போங்கள். சாதாரண கியர் பெட்டியையே மோட்டார் வைத்துத் தானாக மாற்றும் ஏஎம்டி வண்டிகளிலும் மேனுவல் நிலை உண்டு. மின்சாரக் கார் என்றால் பிரேக்கின் வேலையில் பாதியை மோட்டாரே செய்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் பேட்டரி முழுக்க நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை, மோட்டார் பிடிப்பதும் குறைந்துவிடும். ஆகவே ஊட்டியில் 100 வரை சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். மேட்டுப்பாளையம் போகும்போது கிளம்பியதைவிடக் கூடுதலாகக் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இறங்க ஏன் கோத்தகிரி என்றால், குன்னூர்–பர்லியார் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், வண்டி நெரிசலும் அதிகம். கோத்தகிரிப் பாதை ஒப்பிடும்போது சாந்தமானது. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்கிவிடுகிற ஒருவழி ஏற்பாடும் நடக்கும். எப்படியும் அன்றைக்குக் காவல்துறை காட்டுகிற பக்கம் போங்கள்.

கற்றுக்கொள்ள ஒரு சுலப வழி இருக்கிறது. கோத்தகிரியில் அரசுப் பேருந்து ஒன்று இறங்கும்போது, நல்ல இடைவெளி விட்டு அதன் பின்னால் போங்கள். தினமும் அதே பாதையில் ஐம்பது அறுபது பேரை ஏற்றி இறக்குகிற டிரைவர் எந்த இடத்தில் கியரைக் குறைக்கிறார் என்று இன்ஜின் சத்தத்தில் கேட்கும். பிரேக் விளக்கு எப்போது எரிகிறது, எவ்வளவு நேரம் எரிகிறது என்று பாருங்கள். வளைவுக்கு முன்னால் சில நொடிகள் பளிச்சென்று எரிந்து அணையும். அப்புறம் நெடுநேரம் எரியாது. உங்களுக்கு முன்னால் போகிற சுற்றுலா காரில் அது அணையாமலே எரிந்துகொண்டிருக்கும். அந்தக் காரிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளியே போங்கள்.

வாடை வந்தால், பிடிக்காமல் போனால்

இறக்கத்தில் கருகிய வாடை, சக்கரத்தருகே லேசான புகை, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவது: இவற்றில் எது வந்தாலும் அகலமான இடம் கிடைத்ததும் ஒதுங்குங்கள். பாறை வெட்டிய சரிவுக்குக் கீழே நிற்காதீர்கள், மழை நாளில் கல் உருளும். கீழ்நோக்கி நிற்கிறீர்கள் என்றால் ரிவர்ஸ் கியரில் போட்டு, முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, கட்டையை முட்டுக்கொடுங்கள். ஏறும் திசையில் நிறுத்தினால் முதல் கியர். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, பேட் பிடிக்கிற டிஸ்க் கோணிவிடும். அரை மணி நேரம் டீ குடியுங்கள், தானாக ஆறும்.

ஓடும்போதே பிரேக் பிடிக்கவில்லை என்றால் பெடலைப் படபடவென்று மிதித்து மிதித்து விடுங்கள், கொஞ்சம் அழுத்தம் கிடைக்கலாம். அதே சமயம் மூன்று, இரண்டு, ஒன்று என்று கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். நியூட்ரலுக்குப் போகாதீர்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஹாரனை விடாமல் அடியுங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் மலைப்பக்கச் சரிவிலோ சாலையோர வாய்க்காலிலோ வண்டியை உரசி இறக்குங்கள். வண்டி நசுங்கட்டும். பள்ளத்துப் பக்கத் தடுப்புச்சுவரை நம்ப வேண்டாம்.

மழையும் மூடுபனியும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தை நனைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரியும், மரம் விழும். முதல் பயணத்துக்கு அந்த மாதங்களைத் தவிர்த்து, டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் வானிலை நன்றாக இருக்கும், கூட்டம்தான் தாங்காது.

மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணையே மறைக்கும். லோபீம், இருந்தால் பனிவிளக்கு. ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் எரியவிடுகிற வழக்கம் வேண்டாம், நீங்கள் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குப் புரியாது. கண்ணாடி உள்ளே மங்கினால் துணியால் துடைத்துக்கொண்டிருக்காமல் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், சில நொடிகளில் தெளியும். முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை என்றால் பக்கத்திலிருக்கிற டீக்கடைதான் சரியான இடம். பனி விலகும்.

மேட்டுப்பாளையம் வந்ததும் வண்டி கழுவுகிற கடைக்கு நேராகப் போகாதீர்கள், சக்கரங்கள் இன்னும் சூடாகத்தான் இருக்கும். ஒரு சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நேர்ச்சாலையில் முதல் சில கிலோமீட்டரில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பெடல் துடிக்கிறதா, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, கீச்சென்று சத்தம் வருகிறதா? ஏதாவது ஒன்று இருந்தால் சர்வீஸ் தேதி வரும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே பேடையும் டிஸ்க்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.